வெள்ளம் என்றால் தண்ணீர்: அனுபவமுள்ளவர்கள் ரஸ்ட் கற்க எவ்வளவு காலம் ஆகிறது?

2022-ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனத்துக்குள் ரஸ்ட் என்ற கணினி மொழியில் நிரல் எழுதிச் சேர்த்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொறியாளர்களிடம் அந்த நிறுவனம் ஒரு கருத்துக்கணிப்பு நடத்தியது. முடிவுகளை 2023 ஜூன் மாதம் வெளியிட்டார்கள். பதில் சொன்னவர்களில் ரஸ்ட் முன்பே தெரிந்தவர்கள் 13 சதவீதம்தான். மற்றவர்கள் சி++, பைத்தான், ஜாவா, கோ, டார்ட் என்று வேறு மொழிகளில் கை பழகிவிட்டு வந்தவர்கள்.

பதில் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலானோர், இரண்டு மாதத்துக்குள் ரஸ்ட் நிரலில் தைரியமாகக் கைவைக்க முடிந்தது என்றார்கள். ஆனால் பழைய மொழியில் முடிக்கிற அளவு வேலையை ரஸ்ட்டிலும் முடிக்கிறேன் என்று இரண்டு மாதத்தில் சொல்ல முடிந்தவர்கள் மூன்றில் ஒரு பங்கினர்தான். நான்கு மாதம் ஆனபோது அது பாதியைத் தாண்டியது.

மொழி ஒன்றுதான், நிறுவனமும் ஒன்றுதான். ஆனால் கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டால் ‘ஆம்’ என்பவர்கள் பாதியாகிவிடுகிறார்கள். இதில் வேலை செய்ய முடியுமா என்பது ஒரு கேள்வி. பழைய வேகம் வந்துவிட்டதா என்பது வேறொரு கேள்வி. நம் அலுவலகங்களில் இரண்டையும் ஒன்றாகப் பிசைந்து “எத்தனை வாரம் வேண்டும்?” என்று கேட்கிறோம். வருகிற பதிலை வைத்துத் தேதியும் குறித்துவிடுகிறோம்.

நான் 15 வருடம் எழுதிவிட்டு ரஸ்ட்டுக்கு வந்தவன். பெரும்பாலும் ஜாவா, நடுவில் மூன்று வருடம் சி++. கூகுளின் எண்களையும் நான் கற்ற நாட்களில் நோட்டில் எழுதிவைத்ததையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

ஆண்ட்ராய்டு ஏன் இந்தப் பக்கம் வந்தது

ரஸ்ட்டை 2006-இல் கிரேடன் ஹோர் தன் சொந்த முயற்சியாகத் தொடங்கினார். அவர் வேலை பார்த்த மொஸில்லா 2009-இல் அதற்கு ஆதரவு தந்தது. 1.0 பதிப்பு 2015 மே 15 அன்று வந்தது. சி, சி++ தருகிற வேகம் வேண்டும், அவற்றோடு கூடவே வருகிற மெமரிப் பிழைகள் வேண்டாம் என்பதுதான் நோக்கம். விடுவித்துவிட்ட மெமரியை மறுபடி தொடுவது, வரிசையின் எல்லையைத் தாண்டி எழுதுவது போன்ற பிழைகள் வெறும் கிராஷோடு போவதில்லை. குரோமியம் உலாவியில் கண்ட கடுமையான பாதுகாப்புக் குறைகளில் சுமார் 70 சதவீதம் இந்த வகைதான்.

கூகுளின் ஆண்ட்ராய்டு 2021 ஏப்ரலில் ரஸ்ட்டை ஏற்பதாக அறிவித்தது. 2022-இல் வந்த ஆண்ட்ராய்டு 13-இல், சி, சி++, ரஸ்ட் மூன்றிலும் புதிதாக எழுதிய நிரலில் ஏறக்குறைய 21 சதவீதம் ரஸ்ட். மொத்தம் சுமார் 15 லட்சம் வரி. புதிய நிரலின் பெரும்பகுதி மெமரிப் பாதுகாப்புள்ள மொழிகளுக்கு நகர நகர, ஆண்ட்ராய்டில் மெமரி தொடர்பான பாதுகாப்புக் குறைகள் 2019-இல் 223 ஆக இருந்தது 2022-இல் 85 ஆகக் குறைந்தது. அந்த ஆண்டு இறுதிவரை, ரஸ்ட்டில் எழுதிய ஆண்ட்ராய்டு பகுதிகளில் அப்படி ஒரு குறைகூடக் கண்டுபிடிக்கப்படவில்லை.

மொழிக்கு நேற்று வந்தவர்கள் எழுதினால் தரம் இருக்காது என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மொழிக்குப் புதியவர்கள். ஆனாலும் நிரல் பாதுகாப்பாக இருக்கிறது. நாம் எழுதியதைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலர், கற்பவரின் தவறை வாசலிலேயே மறித்துவிடுகிறது. அதனால் கற்கும் காலம் நீளத்தான் செய்யும். சி++ கற்கும்போது அந்தத் தவறுகள் வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிடும். இரண்டு வருடம் கழித்து ஒரு நள்ளிரவில் அவற்றைத் தேடிக்கொண்டிருப்போம். அந்த இரவுகளை யாரும் ‘கற்கும் காலம்’ என்ற கணக்கில் சேர்ப்பதில்லை.

நான்கு நாள் பாடம்

ஆண்ட்ராய்டு குழு தன் பொறியாளர்களுக்காக ஒரு ரஸ்ட் பாடத்தைத் தயாரித்து, பிறகு அதை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. அடிப்படைப் பகுதி நான்கு நாள். வேறு மொழி தெரிந்த ஒருவருக்கு மொழியின் இலக்கணம் முழுவதையும் நான்கு நாளில் காட்டிவிடலாம் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். நான்கு நாளில் காட்டக்கூடிய மொழிக்கு வேகம் வர நான்கு மாதம் ஏன் ஆகிறது? இந்த ஆய்வில் எனக்கு முக்கியமான கேள்வி இதுதான்.

என் குறிப்பேட்டிலிருந்து

அப்போது நான் வேலை பார்த்த நிறுவனத்தில் ஒரு ஜாவா சேவையை ரஸ்ட்டுக்கு மாற்ற முடிவு செய்தார்கள். எங்கள் குழுவில் ஐந்து பேர், நான்கு பேருக்குப் பத்து வருடத்துக்கு மேல் அனுபவம். “எல்லோரும் சீனியர்கள், மூன்று வாரம் போதாதா?” என்றார்கள். போதும் என்று நானும் தலையாட்டினேன்.

முதல் வாரம் ஆனந்தமாகப் போனது. லாக் கோப்புகளைப் படித்துப் பிழைகளை எண்ணும் ஒரு சிறு கருவியை மூன்றே நாளில் எழுதினேன். மதிப்பே இல்லை என்பதைக் குறிக்கும் ‘நல்’ என்ற ஒன்றே ரஸ்ட்டில் இல்லை. மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்றால் அதை ஆப்ஷன் என்ற வகையிலேயே சொல்லிவிட வேண்டும், இரண்டு நிலைக்கும் வழி எழுதாமல் கம்பைலர் விடாது. ஜாவாவில் நல் பிழைகளோடு பல வருடம் மல்லுக்கட்டியவனுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி! அந்த வாரக் கடைசியில் நோட்டில் “மூன்று வாரம்கூடத் தேவைப்படாது” என்று எழுதியிருக்கிறேன்.

இரண்டாம் வாரம் நிஜ வேலை தொடங்கியது. பொருட்களின் வகைப்பாட்டை ஒரு மரமாக மெமரியில் வைக்க வேண்டும். மரத்தின் ஒவ்வொரு கணுவுக்கும், அதாவது நோடுக்கும், தன் பிள்ளைகள் யார் என்று தெரிய வேண்டும், பெற்றோர் யார் என்றும் தெரிய வேண்டும். ஜாவாவில் இருபது நிமிட வேலை. ரஸ்ட்டில் அது என்னை இரண்டு வாரம் உட்கார வைத்தது.

காரணத்தைச் சொல்ல ரஸ்ட்டின் அடிப்படை விதியைச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரே ஓர் உரிமையாளர். பார்ப்பதற்கு மட்டும் என்றால் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் கடன் கொடுக்கலாம். மாற்றுவதற்கு என்றால் ஒருவருக்குத்தான், அந்த நேரத்தில் வேறு யாரும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கக்கூடாது.

இந்த விதி வானத்திலிருந்து விழுந்ததல்ல. சி++ எழுதியவர்களுக்கு இது தழும்பாகவே தெரியும். வெக்டர் என்ற வளரும் வரிசையின் முதல் உறுப்புக்கு ரெஃபரன்ஸ், அதாவது அது இருக்கும் இடத்தைக் காட்டும் சுட்டி, எடுத்து வைத்துக்கொண்டு, அதே வெக்டரில் இன்னொன்றைச் சேர்த்தால் என்ன ஆகும்? இடம் மிச்சமிருந்தால் ஒன்றும் ஆகாது. இடம் தீர்ந்திருந்தால் வெக்டர் வேறோர் இடத்துக்குக் குடிபோய்விடும், நம் ரெஃபரன்ஸ் காலி வீட்டைக் காட்டிக்கொண்டிருக்கும். சிறிய டேட்டாவோடு ஓடும் டெஸ்ட்டில் அது அகப்படாமலே போகலாம். ஜாவாவிலும் இதற்கு ஒரு தூரத்துச் சொந்தம் உண்டு. ஒரு பட்டியலைச் சுற்றிவரும்போதே அதில் ஒன்றைச் சேர்த்தால் ஓடிக்கொண்டிருக்கும் நிரல் பிழை எறியும். ரஸ்ட் இதையெல்லாம் நிரல் ஓடுவதற்கு முன்பே பிடித்துவிடுகிறது, அவ்வளவுதான்.

சரி, மரத்துக்கு வருவோம். பெற்றோருக்குப் பிள்ளை மேல் உரிமை. அப்படியானால் பிள்ளை பெற்றோரை எப்படிப் பிடித்துக்கொள்வது? நான் தேடிப் படித்து, உரிமையைப் பலர் பகிர்ந்துகொள்ள உதவும் ஆர்சி என்ற பெட்டியையும், கடன் விதியைக் கம்பைல் நேரத்திலிருந்து ஓட்ட நேரத்துக்குத் தள்ளிவைக்கும் ரெஃப்செல் என்ற பெட்டியையும் எல்லா இடத்திலும் போட்டேன். கம்பைலர் சம்மதித்தது. ஓடவிட்டால், ஏற்கெனவே கடன் வாங்கப்பட்டிருக்கிறது என்று சொல்லி நிரல் நின்றுவிட்டது. ஜாவாவில் போட்ட அதே திட்டத்தை வேறு துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தேன், வேறொன்றும் செய்யவில்லை.

எங்கள் குழுவின் ஐந்தாவது ஆள் நான்கு வருட அனுபவமுள்ள ஒரு தம்பி. கல்லூரியை விட்டு வந்ததிலிருந்து ரஸ்ட்தான் எழுதுகிறார். ரெவியூவில் என் நிரலைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“அண்ணா, ஒவ்வொரு நோடும் எதுக்கு இன்னொண்ணைப் பிடிச்சுக்கிட்டே நிக்கணும்? எல்லா நோடையும் ஒரே வெக்டர்ல போட்டுட்டு, அதோட நம்பரை மட்டும் வெச்சுக்கலாமே?”

“அப்போ பேரண்ட்?”

“அதுவும் ஒரு நம்பர்தான் அண்ணா.”

ஒரே உரிமையாளர், அந்த வெக்டர். மற்ற உறவெல்லாம் எண்கள். நிரல் பாதியாகச் சுருங்கியது. இந்த யோசனை எனக்குத் தெரியாததல்ல, கல்லூரியில் அர்ரேயில் மரம் வைக்கப் படித்தவன்தான். ஆனால் 15 வருடமாக மரம் என்றதும் என் கை நோடையும் பாயின்டரையும் நோக்கியே போயிருக்கிறது. வேறு வழி உண்டா என்று தேடக்கூட இல்லை. அந்தத் தம்பிக்கு அந்தப் பழக்கம் இல்லை. என்னைவிட அதிகம் படித்ததால் அவருக்கு அது உடனே தெரிந்தது என்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாம் மாத இறுதியில் என் நிரல் வேலை செய்தது, ஆனால் அழகாக இல்லை. கடன் விதியோடு சண்டை வரும் இடத்திலெல்லாம் மதிப்பைப் பிரதியெடுத்துக் கொடுத்துத் தப்பித்திருந்தேன். கூகுள் கணிப்பில் ‘தைரியமாகக் கைவைக்க முடிகிறது’ என்று சொன்ன மூன்றில் இரண்டு பங்கில் நானும் இருந்திருப்பேன். வேகம் வந்தவர்களின் கணக்கில் நிச்சயமாக இருந்திருக்க மாட்டேன். நான்காம் மாதம் ஒரு மாற்றத்தைக் கவனித்தேன். ஃபங்ஷனின் உள்ளே எழுதுவதற்கு முன், இது மதிப்பை எடுத்துக்கொள்கிறதா, பார்க்கிறதா, மாற்றுகிறதா என்று முதல் வரியிலேயே முடிவு செய்ய ஆரம்பித்திருந்தேன். யாரும் சொல்லித் தரவில்லை. அதுவாக வந்தது. ஒரு வேலை முடியும்வரை காத்து நிற்காமல் அடுத்ததைப் பார்க்கும் ஏசிங்க் முறை மட்டும் ஆறாம் மாதம்வரை என்னைத் தடுக்கி விழவைத்துக்கொண்டே இருந்தது. கூகுளிலும் கடினமானவை என்று சொன்ன பட்டியலில் மேக்ரோ (நிரலை எழுதித் தரும் நிரல்), உரிமையும் கடனும், ஏசிங்க் மூன்றும் இருந்தன.

ஏற்கெனவே தெரிந்தது குறுக்கே நிற்கும்போது

நம் ஊர்க்காரர் ஒருவர் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாளே முக்கால்வாசி புரிகிறது. அப்புறம் யாரோ “வெள்ளம்” என்று கேட்கிறார்கள். அவர் கேட்பது தண்ணீர், இவர் காதில் விழுவது பெருவெள்ளம். வேறு மாநிலத்திலிருந்து வந்தவருக்கு அது ஒரு புதுச் சொல், கற்றுக்கொண்டுவிடுவார். தமிழருக்கு அது தெரிந்த சொல். அதனாலேயே சந்தேகம் வராது.

ரஸ்ட்டில் சமக்குறி இப்படிப்பட்ட ஒரு ‘வெள்ளம்’. ஒரு மாறியை இன்னொன்றுக்குச் சமமாக்கினால், ஜாவாவில் இரண்டு பெயரும் ஒரே பொருளைக் காட்டும். சி++ மொழியில் வழக்கமாக ஒரு பிரதி உருவாகும். ரஸ்ட்டில், ஸ்ட்ரிங் போன்ற வகைகளுக்கு, உரிமை புதியவருக்குப் போய்விடும், பழைய பெயரை அதன் பிறகு பயன்படுத்த முடியாது. மூன்று மொழியிலும் எழுதுவது ஒரே குறி. அதனால் அதைப் பற்றிப் படிக்க வேண்டும் என்றே அனுபவசாலிக்குத் தோன்றுவதில்லை.

இது என் ஒருவனின் அனுபவமாக இருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். வேறு மொழிக்கு மாறும் நிரலாளர்கள் எங்கே சிக்குகிறார்கள் என்று வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னின்று செய்த ஓர் ஆய்வு 2020-இல் வெளிவந்தது. 18 மொழிகளைப் பற்றி நிரலாளர்கள் கேட்டிருந்த 450 கேள்விகளை எடுத்துப் பார்த்தார்கள். அதில் 276 இடங்களில், முன்பு தெரிந்த மொழியிலிருந்து கொண்டுவந்த தவறான அனுமானம்தான் குழப்பத்துக்குக் காரணம். 16 தொழில்முறை நிரலாளர்களை நேரில் பேட்டி கண்டபோதும் இதே குறுக்கீடு தெரிந்தது. இதற்கு 30 வருடம் முன்பே, 1990-இல், ஜீன் ஷோல்ட்ஸ், சூசன் வீடன்பெக் இருவரும் பாஸ்கல், சி மொழிகளில் தேர்ந்தவர்களை ஐகான் என்ற புது மொழியில் எழுதவைத்துக் கவனித்தார்கள். இலக்கணம் அவர்களைப் பெரிதாகத் தடுக்கவில்லை. தெரிந்த திட்டத்தைப் புது மொழிக்குள் பொருத்தப் பார்ப்பதிலும், பொருந்தாதபோது மறுபடி திட்டமிடுவதிலும்தான் அவர்கள் தடுமாறினார்கள். என் மரத்தின் கதையை அவர்கள் முன்பே எழுதிவைத்துவிட்டது போல இருந்தது.

நான்கு நாளுக்கும் நான்கு மாதத்துக்கும் நடுவே இருப்பது இந்தத் தடுமாற்றம்தான் என்பது என் முடிவு.

எண்களை எப்படிப் படிப்பது

கூகுளின் கணிப்பை அப்படியே நம் குழுவுக்குப் பொருத்திவிடக்கூடாது. பதில் சொன்னவர்கள் எல்லோரும் ரஸ்ட்டில் எழுதி நிரலைச் சேர்த்தவர்கள். தொடங்கிவிட்டுப் பாதியில் விட்டவர்கள் அந்தக் கணக்கில் வர வாய்ப்பு குறைவு. அவர்கள் சொன்னதும் தங்களைப் பற்றித் தாங்களே சொன்னது, யாரும் கடிகாரம் வைத்து அளக்கவில்லை. தவிர, பக்கத்தில் கேட்க ஆள் இருக்கிற பெரிய நிறுவனம் அது. எங்கள் ஐந்து பேர் குழுவில் கேட்க ஒரே ஒரு தம்பிதான் இருந்தார், அவருடைய வேலையும் கெட்டது.

ஆனால் அந்தக் கணிப்பில் நான் முழுமனதோடு நம்பும் ஒரு வாசகம் இருக்கிறது. மற்ற மொழிகளுக்கு மாறுகிறவர்களுக்கும் ஏறக்குறைய இதே காலம்தான் ஆவதைப் பார்த்திருக்கிறோம் என்கிறார்கள். ரஸ்ட்டுக்கு மட்டும் தனிப் பயம் தேவையில்லை. கம்பைலரின் பிழைச் செய்திகள் மேல் அதிருப்தி சொன்னவர்கள் 9 சதவீதம்தான் என்பதும் என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. எந்த வரியில் கடன் தொடங்கியது, எங்கே மோதுகிறது, என்ன செய்யலாம் என்று அது பொறுமையாகச் சொல்லும். கம்பைல் ஆக நேரம் எடுக்கிறது என்பதுதான் அங்கேயும் முதல் குறை, இங்கேயும்.

நான்கு மாதத்துக்குப் பிறகு என்ன ஆகிறது? 2024 மார்ச்சில் லண்டனில் நடந்த ரஸ்ட் மாநாட்டில் கூகுளின் லார்ஸ் பெர்க்ஸ்ட்ரோம், தங்கள் ரஸ்ட் குழுக்கள் சி++ குழுக்களைவிட இரண்டு மடங்கு வேலை முடிக்கின்றன என்று சொன்னார். கோ மொழியிலிருந்து ரஸ்ட்டுக்கு மாற்றிய வேலைகளில் அதே அளவு ஆட்களும் அதே அளவு காலமும் போதுமாக இருந்தன என்றும் சொன்னார்.

ஆறாவது வாரம்

எங்கள் குழுவில் 12 வருடம் சி++ எழுதிய ஒருவர் இருந்தார். எங்கே கை வைத்தாலும் மெமரி எப்படி நகரும் என்று மனதிலேயே ஓட்டிப் பார்க்கக்கூடியவர், நான் மதிக்கும் நிரலாளர். ஆறாவது வாரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “என் வயசுக்கு இது இனிமே வராது போல இருக்கு, என்னைப் பழைய ப்ராஜெக்டுக்கே அனுப்பச் சொல்லுங்க” என்றார். நான் தடுத்துப் பேசினேன், ஆனால் என் கையில் எந்த ஆதாரமும் இல்லை. மூன்று வாரக் கெடு முடிந்து இன்னொரு மூன்று வாரம் ஓடியிருந்தது. ஒவ்வொரு காலைக் கூட்டத்திலும் அவர் “இன்னும் அதேதான்” என்று சொல்ல வேண்டியிருந்தது. அவர் போய்விட்டார்.

கூகுளின் எண்கள் அன்று என் கையில் இருந்திருந்தால் காட்டியிருப்பேன். இரண்டு மாதம் முடிந்த பிறகும் பழைய வேகம் வராதவர்கள்தான் அங்கே பெரும்பான்மை. ஆறாவது வாரத்தில் திணறியவர் பின்தங்கியவரே அல்ல. எல்லோரும் நிற்கும் இடத்தில்தான் அவரும் நின்றார். கெடு தவறு என்று சொல்லாமல் ஆள் தவறு என்று அவரையே நம்பவைத்துவிட்டோம். அந்தச் சேவை கடைசியில் ஐந்தாம் மாதம் வெளியானது.

இப்போது யாராவது எத்தனை நாள் ஆகும் என்று கேட்டால், எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்கு என்று முதலில் கேட்கிறேன். ஜாவாவிலிருந்து காட்லினுக்கு என்றால் ஓடும் மேடையும் லைப்ரரிகளும் பழையவையே. கோ மொழியில் மொத்தச் சிறப்புச் சொற்கள் 25, வாரக்கணக்கில் பேசலாம். ரஸ்ட்டுக்கோ ஹாஸ்கெல்லுக்கோ என்றால் மாதக்கணக்கு. அப்புறம், நிரலை ரெவியூ செய்ய அந்த மொழியில் ஊறிய ஒருவர் இருக்கிறாரா, அவருடைய நேரத்தில் பாதியையாவது அதற்காக ஒதுக்கியிருக்கிறார்களா என்று கேட்கிறேன். என் இரண்டு வாரச் சிக்கலை அந்தத் தம்பி ஒரு வாக்கியத்தில் அவிழ்த்தார். அவரை முதல் நாளே என் பக்கத்தில் உட்கார வைத்திருந்தால் அந்த இரண்டு வாரமும் மிஞ்சியிருக்கும்.

சென்ற முறை நான்கு ஜாவாக்காரர்களை ரஸ்ட்டுக்குக் கொண்டுவரும் பொறுப்பு என்னிடம் வந்தது. முதல் வாரம் பாடம். அடுத்த ஏழு வாரம் தேதி குறிக்காத சிறு கருவிகள், தாமதமானால் யாருக்கும் நஷ்டமில்லாதவை. பிரதியெடுத்துத் தப்பிப்பதை அந்தக் காலத்தில் ரெவியூவில் குறையாக எழுதக்கூடாது என்று சொல்லிவைத்தேன். மூன்றாம் மாதம் நிஜச் சேவையில் ஒரு சிறு பகுதி. மரம் வரும் வேலையை வேண்டுமென்றே அதில் வைத்தேன், வெக்டரும் எண்ணும் பற்றி அதற்கு முந்தின நாளே உட்கார்ந்து பேசினோம். மூன்றாம் மாத இறுதியில் ஒருவர் வேகம் பிடித்தார், நான்காம் மாதம் இரண்டு பேர். நான்காமவருக்கு ஆறு மாதம் ஆனது. இன்று அந்தச் சேவையின் ரெவியூ முழுவதும் அவர் பொறுப்பில்தான் இருக்கிறது.